கீழ்ப் பரேல், மேல் வொர்லி: பெயரிடலின் அறம் குறித்து

இடப்பெயராய்வு தமிழில் நெடிய மரபுடையது. ரா. பி. சேதுப்பிள்ளையின் 'தமிழகம் ஊரும் பேரும்' 1946-இல் வெளிவந்த நாள்தொட்டு, ஊர்ப்பெயர்களின் தோற்றம், திரிபு, ஈற்றுக்கூறு, கல்வெட்டு வடிவம் முதலியன குறித்துப் பல்கலைக்கழகங்களில் ஆய்வேடுகள் பல எழுந்துள்ளன. இவ்வாய்வுகள் பெரும்பாலும் பின்னோக்கிய பார்வை உடையன. பெயர் இடப்பட்டு, இட்டவரும் மறைந்து, வழக்கில் தேய்ந்து மரூஉவாகிய பின்னரே ஆய்வாளர் அதனை அணுகுகிறார். ஒரு பெயர் நம் கண்முன்னே இடப்படும்பொழுது, இடுவோர்க்கு அவ்வுரிமை எங்கிருந்து வந்தது, அப்பெயர் மெய்யா பொய்யா, அதனால் எவர்க்கேனும் ஊறு உண்டா என்னும் வினாக்கள் எழுகின்றன. மொழியியல் இவற்றைத் தன் எல்லைக்குப் புறம்பானவை என ஒதுக்கிவிடும். இவை அறவியல் வினாக்கள். மும்பை மாநகரின் பகுதியொன்றுக்கு வந்த புனைபெயரைச் சான்றாகக் கொண்டு அவ்வினாக்களை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

மேற்கு இரயில்வேயின் புறநகர்த் தடத்தில் 'லோயர் பரேல்' என்றொரு நிலையம் உண்டு. அதனைச் சூழ்ந்த பகுதிக்கும் அதுவே பெயர். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பஞ்சாலைகள் நின்ற நிலங்களில் கண்ணாடிக் கோபுரங்கள் எழலாயின. அப்பொழுது மனைவணிகரின் விளம்பரங்களிலும் ஆங்கில நாளிதழ்களின் நாகரிகப் பக்கங்களிலும் அப்பகுதிக்கு 'அப்பர் வொர்லி' என்னும் புதுப்பெயர் வழங்கத் தலைப்பட்டது. கீழ்ப் பரேல் மேல் வொர்லி ஆயிற்று. அரசிதழில் இப்பெயர் ஏறவில்லை. நிலையத்தின் பெயர்ப்பலகையும் மாறவில்லை. நகைத்தவரும் உண்டு, சினந்தவரும் உண்டு, விரும்பி ஏற்றவரும் உண்டு. நகைப்புக்குரிய செய்தியாக மட்டும் இதனைக் கொண்டு கடந்துவிடுதல் இயலாது என்பது என் கருத்து.

ஆலைகளின் ஊர்

பரேல் என்பது என்றும் தாழ்ந்த பெயராக இருந்ததில்லை. பம்பாய் ஆளுநரின் மாளிகை ஒரு காலத்தில் பரேலில்தான் இருந்தது. 1882-இல் ஆளுநர் ஃபெர்குசனின் மனைவி அம்மாளிகையில் வாந்திபேதிக்கு இரையானார். ஆளுநரின் உறைவிடம் பின்னர் கடலோரத்து மலபார்க் குன்றில் நிலைபெற்றது. கைவிடப்பட்ட மாளிகையில் 1899-இல் கொள்ளைநோய் ஆய்வுக்கூடம் அமைந்தது. ஹாஃப்கின் நிறுவனம் என்று இன்று வழங்குவது அதுவே. ஆளுநர் இருந்தபொழுது உயர்ந்திருந்த பெயர் அவர் நீங்கியபின் எவ்வாறு தாழ்ந்தது என்று வினவினால், பெயர் அப்படியே இருந்தது, சூழ்ந்திருந்தோரே மாறினர் என்பதே விடை.

சூழ்ந்து வந்தோர் ஆலைத் தொழிலாளர். 1854-இல் கவாஸ்ஜி தாவர் நிறுவிய நூற்பாலையில் தொடங்கிய பம்பாய்ப் பஞ்சாலைத் தொழில், அடுத்த நூறாண்டுகளில் பரேல், லால்பாக், பைகுலா, வொர்லி, சிவ்ரி எனப் பரந்தது. கொங்கணத்திலிருந்தும் சாத்தாராவிலிருந்தும் வந்தோர் 'சால்' எனப்படும் ஓரறைத் தொடர் குடியிருப்புகளில் முறைவைத்து உறங்கினர். குடும்பத்தை ஊரில் விட்டு வந்த ஆடவர்க்குச் சோறு சமைத்திட்டு, அவ்வருவாயால் பிழைத்த பெண்கள் நடத்திய உணவகங்களுக்குக் 'கானாவள்' என்று பெயர். ஆலைச் சங்கொலியைப் 'போங்கா' என்றனர். இவையனைத்தும் சேர்ந்த நிலப்பரப்பு முழுவதற்கும் அவர்களே ஒரு பெயர் இட்டனர்; 'கிரண்காவ்', அஃதாவது ஆலைகளின் ஊர். நாராயண் சுர்வேயின் கவிதை இவ்வூரின் விளைச்சல். அண்ணாபாவ் சாத்தேயும் அமர் ஷேக்கும் இவ்வூர்த் தெருக்களில் பாடியவர்கள். நீரா அடார்கரும் மீனா மேனனும் இத்தொழிலாளரின் வாய்மொழி வரலாற்றைத் தொகுத்து 2004-இல் நூலாக்கியபொழுது, அந்நூலின் தலைப்பில் கிரண்காவ் என்ற பெயரையே இட்டனர்.

கிரண்காவும் ஒரு புனைபெயரே என்பதை இங்கு மறத்தலாகாது. எந்த அரசாணையிலும் அது பிறக்கவில்லை. மேல் வொர்லியைப் பழிப்போர் கிரண்காவை மட்டும் போற்றுவது வெறும் பழமைப் பற்று என்று எவரேனும் வாதிட்டால் அதற்கு விடை கூறியாக வேண்டும். அதனைப் பின்னர்க் காண்போம்.

1982 சனவரி 18-இல் தத்தா சாமந்த் தலைமையில் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏறத்தாழ 60 ஆலைகள், 2.5 இலட்சம் தொழிலாளர். அவ்வேலைநிறுத்தம் முறைப்படி என்றும் திரும்பப் பெறப்படவில்லை. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நலிந்தன. பஞ்சைவிட நிலமே விலையுடையதாயிற்று. நகரின் நடுவே ஏறத்தாழ 600 ஏக்கர் நிலம்! 1991-இல் இயற்றப்பட்ட வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58, ஆலை நிலத்தை மனையாக்க விழைவோர் மூன்றில் ஒரு பங்கை மாநகராட்சியின் திறந்தவெளிக்கும், இன்னொரு பங்கை 'மாடா' எனப்படும் வீட்டுவசதி வாரியத்திற்கும் விட்டுக்கொடுத்து எஞ்சியதைத் தாம் கொள்ளலாம் என்றது. 2001-இல் அவ்விதி திருத்தப்பட்டது. பங்கிடுதல் முன்பே வெற்றிடமாய்க் கிடந்த நிலத்திற்கு மட்டும் என்று சுருங்கியது. ஆலை நிலத்தின் பெரும்பகுதியில் கட்டடங்கள் நின்றமையால் பொதுப்பங்கு மிகக் குறைந்தது. 2005-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. 2006 மார்ச்சில் உச்சநீதிமன்றம் உயர்நீதிமன்றத் தீர்ப்பை மாற்றித் திருத்தத்தை நிலைநிறுத்தியது. மேல் வொர்லி என்ற பெயர் செழித்தது இக்காலத்தில்தான். சட்டத்தின் வரலாற்றையும் பெயரின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும்.

மங்கலமும் குழூஉக்குறியும்

பெயரை இடுகுறி என்றும் காரணம் என்றும் நம் இலக்கணிகள் பகுப்பர். இடுகுறிப் பெயர் பொய்யாதல் இல்லை. அது ஒன்றையும் சொல்லாததால் தவறாகவும் சொல்லாது. காரணப் பெயரே மெய், பொய் என்னும் ஆய்வுக்கு உரியது. 'மேல்' என்பது காரணம் காட்டும் அடை. அக்காரணத்தை நிலத்தில் தேடினால் கிட்டவில்லை. கீழ்ப் பரேல் வொர்லிக்குக் கிழக்கே உள்ளது. அதனினும் உயரத்தில் இல்லை. குன்று என்று சொல்லத்தக்க வொர்லிக் குன்று வொர்லியிலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் பரேலையும் அதன் அருகிலுள்ள ஹிந்த்மாதாவையும் கடந்தவர் எவரும் 'மேல்' என்ற அடையை நிலத்தின் உயரம் குறித்ததாகக் கொள்ளார்.

அப்படியாயின் இது தகுதி வழக்கோ? நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக்குவார். இவற்றுள் மங்கலம் நம் வழக்குக்கு மிக நெருங்கி நிற்பது. சுடுகாட்டை நன்காடு என்பதும், ஓலையைத் திருமுகம் என்பதும், கறுப்பாட்டை வெள்ளாடு என்பதும் உரையாசிரியர் காட்டும் சான்றுகள். 'கீழ்' என்பதை அமங்கலமாகக் கருதி 'மேல்' என்றனர் என்று கொள்ளலாமே என்று தோன்றும். ஆயின் மங்கல வழக்கில் சொல்வோனும் கேட்போனும் ஒருங்கே உண்மையை அறிவர். நன்காடு என்றவன் அதனைப் பூங்கா என்று காட்டிக் கேட்போனுக்கு விலைபேசுவதில்லை. வெள்ளாட்டை வாங்குவோன் அதன் நிறத்தைக் கண்ணால் கண்டே வாங்குகிறான். மங்கலம் துயரத்தின் கூர்மையை மழுக்குவதற்கு அமைந்த நாகரிகம். அதனால் எவரும் ஏமாறுவதில்லை.

குழூஉக்குறியோ வேறு. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பர். யானைப்பாகர் ஆடையைக் காரை என்பர். புறத்தார்க்கு விளங்காதிருத்தலே அதன் நோக்கம். தரகர் தம்முள் ஒரு பகுதியை எப்படி அழைத்தாலும் நமக்கு வழக்கில்லை. எனினும் பொற்கொல்லர் ஊரார் எல்லாரும் பொன்னைப் பறி என்றே வழங்குக என்று முரசறைவதில்லை. மேல் வொர்லி மனைவணிகரின் குழுவில் பிறந்து, குழுவின் எல்லையைத் தாண்டிப் பொதுவழக்காக முயன்ற சொல். இலக்கணத்தில் இதற்குத் தனிப்பெயர் இல்லாமை வியப்பன்று. ஊரின் பெயர் விற்பனைச் சரக்காகும் என்பதை நன்னூலார் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

இவ்வகைப் பெயர்கள் மும்பையில் மேலும் உள. தெற்கு பம்பாயைச் 'சோபோ' என்று சுருக்கியது நியூயார்க்கின் 'சோஹோ'வைப் பார்த்தெழுதிய நகல். அங்கு ஹூஸ்டன் தெருவுக்குத் தெற்கே என்பதன் சுருக்கமாகவாவது பொருள் இருந்தது. வடாலாவில் எழுந்த ஒரு பெருங்குடியிருப்புக்கு 'நியூ கஃப் பரேடு' என்று பெயர். கஃப் பரேடு நகரின் தென்கோடியில் இருப்பது. கடலில் மண்கொட்டி மீட்ட நிலம் அது.

கங்கைக்கண் இடைச்சேரி

இச்சிக்கலை விளக்க வல்ல கருவி வடமொழி அலங்கார நூல்களின் இலக்கணை ஆய்வில் உள்ளது என்று கருதுகிறேன். 'கங்கைக்கண் இடைச்சேரி' என்பது தமிழ் உரையாசிரியரும் அறிந்த எடுத்துக்காட்டு. ஓடும் நீரின்மேல் சேரி இருத்தல் இயலாது. எனவே நேர்ப்பொருள் தடைப்படுகிறது. தடைப்படவே, கங்கை என்ற சொல் தன்னோடு இயைபுடைய கரையை உணர்த்துகிறது. கரை என்று நேரே சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை? 'காவியப் பிரகாசம்' இயற்றிய மம்மடர் கூறும் விடை, அப்படிச் சொல்வதில் ஒரு பயன் உண்டு என்பது. கங்கையின் தண்மையும் தூய்மையும் சேரிக்கும் ஏறுகின்றன. கரை என்றால் அவை ஏறா.

மேல் வொர்லி இந்த உத்தியை அப்படியே கையாளுகிறது. வொர்லி என்ற சொல்லில் கடற்கரைச் சாலையின் காற்றும் மாலைக் கதிரும் அங்கு வாழ்வோரின் செல்வமும் அடங்கியுள்ளன. அடுத்திருத்தல் என்னும் இயைபைப் பற்றிக்கொண்டு அவை கீழ்ப் பரேலுக்கு ஏற்றப்படுகின்றன. ஒரு சதுர அடிக்கு இவ்வளவு என்று அந்த ஏற்றத்திற்கு விலையும் உண்டு. இங்கும் பயன் இருக்கிறது; இயைபும் இருக்கிறது. குறைவது முதல் உறுப்பு. இலக்கணைக்கு நேர்ப்பொருள் தடைப்படுதல் இன்றியமையாதது. கேட்போன் 'இது நேர்ப்பொருள் அன்று' என்று உணர்ந்தால்தான் அது அணி. விளம்பரத்தைக் காண்போன் மும்பைக்குப் புதியவனாயின் அவனுக்குத் தடை தோன்றாது. வொர்லியின் மேற்பகுதி போலும் என்று அதனை நேர்ப்பொருளாகவே கொள்வான். அணிக்கும் பொய்க்கும் இடைப்பட்ட எல்லை இதுவே. கவிஞன் அத்தடையைக் கேட்போனுக்குப் புலப்படுத்துகிறான். வணிகனின் ஆதாயம் அதனை மறைப்பதில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம் விளம்பரத்தின் பொய்க்கு வணிகரைப் பொறுப்பாக்குகிறது. நீள அகலத்தில் பொய் சொன்னால் அளந்து காட்டலாம். 'மேல்' என்னும் அடையை அளக்க எக்கோலைக் கொண்டுசெல்வது?

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. வொர்லி என்ற பெயரிலிருந்தும் ஒரு பகுதியே எடுத்துக்கொள்ளப்படுகிறது. வொர்லி பழைய ஏழு தீவுகளுள் ஒன்று. அங்குக் கோளி மீனவரின் குடியிருப்பு உண்டு. 1920-களில் பம்பாய் வளர்ச்சித் துறை கட்டிய தொழிலாளர் சால்களும் அங்கு உண்டு. 1974 சனவரியில் தலித் சிறுத்தைகள் இயக்கத்தினர் தாக்கப்பட்ட வொர்லிக் கலவரம் அச்சால்களில்தான் நிகழ்ந்தது. மராட்டிய தலித் நினைவில் வொர்லி என்ற சொல்லுக்குக் கடற்காற்று பொருளன்று. மேல் வொர்லியில் உள்ள வொர்லி மீனவரையும் சால்களையும் 1974-ஐயும் கழித்தபின் எஞ்சும் வொர்லி. ஒரே பெயரிடல் பரேலை மறைக்கிறது. வொர்லியையும் பாதி மறைக்கிறது.

எவர்க்கு என்ன கேடு?

வாய்மையை வள்ளுவர் தீமையின்மை கொண்டே அளந்தார். குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்ம்மையும் வாய்மையின் இடத்ததாகும் என்பது அவர் நெறி. ஆகவே பெயர் பொய் என்று காட்டியதோடு வழக்கு முடிவதில்லை. கேடு காட்டப்படுதல் வேண்டும். வாங்குவோன் சில இலட்சங்களை மிகுதியாகக் கொடுத்தான் என்பது பெருங்கேடாக எனக்குத் தோன்றவில்லை. கொடுக்க வல்லவன் கொடுத்தான். பிறகு அதே பெயரைச் சொல்லி விற்றும்விடுவான்.

கேடு வேறிடத்தில் உள்ளது. பெயர் ஒரு முகவரி; கடனுக்கும் முகவரி வேண்டும். ஆலை நிலம் என்ற பெயர் இருக்கும்வரை அந்நிலத்தின்மீது ஒரு கடன் இருக்கிறது; அங்கு உழைத்தோர்க்கு வீடு, நகரத்தார்க்குத் திறந்தவெளி. ஆலைத் தொழிலாளர்க்கான வீடுகளுக்கு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் விண்ணப்பித்தனர். 2012, 2016, 2020 ஆகிய ஆண்டுகளில் குலுக்கல் நடந்து கிடைத்த வீடுகள் சில ஆயிரங்கள். 2016-இல் குலுக்கப்பட்ட வீடுகளின் ஒரு பகுதி பன்வேலுக்கு அருகிலுள்ள கோன் என்னும் ஊரில், நகரத்திற்கு வெளியே இருந்தது. கீழ்ப் பரேலில் நூல் நூற்றவர்க்குக் கோனில் வீடு. கீழ்ப் பரேலோ மேல் வொர்லி. ஆலைகளின் ஊரில் ஆலைத் தொழிலாளிக்கு இடமில்லை என்று சொன்னால் கேட்போர் செவியில் அது உறுத்தும். மேல் வொர்லியில் ஆலைத் தொழிலாளிக்கு இடமில்லை என்று சொன்னால் உறுத்தாது. முறையீட்டின் இலக்கணமே பிழைபட்டுவிடுகிறது. இதனைத்தான் கேடு என்கிறேன்.

துயர நிகழ்வுகளின்போது புதுப்பெயர் தானாகவே விலகிக்கொள்வதையும் இங்குக் கருதலாம். 2017 செப்டம்பர் 29-இல் எல்ஃபின்ஸ்டன் சாலை, பரேல் ஆகிய நிலையங்களை இணைத்த நடைபாலத்தில் நெரிசலில் 23 பேர் இறந்தனர். ஆலைகள் போய் அலுவலகங்கள் வந்தமையால் அங்கு வந்திறங்குவோர் பெருகியிருந்தனர். பாலமோ அத்திரளுக்குப் போதாத குறுகிய பாலம். மூன்று மாதங்களுக்குப் பின் டிசம்பர் 29-இல் கமலா மில் வளாகத்து மாடி உணவகத்தில் தீப்பற்றி 14 பேர் மாண்டனர். செய்திகளில் இவை பரேலிலும் கீழ்ப் பரேலிலும் நிகழ்ந்தன. ஆலை மூடி நெடுங்காலம் ஆகியும் வளாகம் கமலா மில் என்ற பெயரிலேயே கேளிக்கைக் கூடங்களைத் தாங்கி நின்றது. ஆலையின் பெயரைச் சுவைக்காக வைத்துக்கொண்டு ஊரின் பெயரை நாணத்தால் நீக்கும் இவ்வழக்கின் உளவியல் தனியே ஆராயத்தக்கது.

எதிர்வழக்கு

இனி எதிர்வழக்கிற்கு வருவோம். அது வலிமையற்றதன்று. பெயர்கள் என்றும் மாறியே வந்துள்ளன. 1995-இல் பம்பாயே மும்பை ஆயிற்று. பெயரால் இழிவுறுவோர் உளர். வேலைக்கோ மணப்பேச்சுக்கோ சென்று முகவரி சொல்லும்போது எதிரிலிருப்பவரின் முகம் மாறுவதைச் சால்களில் வளர்ந்த பிள்ளைகள் அறிவர். அப்பிள்ளைகளுள் ஒருத்தி மேல் வொர்லி என்று சொல்லித் தலை நிமிர்ந்தால், வரலாற்றுப் பற்றின் பெயரால் அவளைக் கீழ்ப் பரேலுக்கு இழுத்துவர நமக்கு என்ன உரிமை? பரேலை நேசிப்போர் பலர் பரேலில் வாழாதவர் என்பதையும் மறைப்பதற்கில்லை. இவ்வழக்கை எடுத்துரைப்போர் மனைவணிகரின் கூலிகள் என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது.

இதற்கு விடை காண, அதே பரேலில் வாழ்ந்த ஒருவரின் செயலை நினைவுகூர்தல் தகும். அம்பேத்கர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பரேலில் மேம்பாட்டு டிரஸ்டின் சால் ஒன்றில் வாழ்ந்தார். 1938-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பட்டியல் சாதியினரை 'அரிசனர்' என்று குறிக்கும் மசோதா வந்தபொழுது அவரும் அவர் கட்சியினரும் எதிர்த்து வெளிநடப்புச் செய்தனர். அப்பெயர் இழிசொல்லன்று, நற்பொருள் உடையது, நன்னோக்குடன் இடப்பட்டது. நம் இலக்கணப்படி மங்கலத்தின் பாற்படும். எதிர்ப்போ, பெயரிடப்படுவோரின் இசைவின்றி அது இடப்பட்டது என்பதிலும், நிலைமையை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றுகிறது என்பதிலும் வேர்கொண்டிருந்தது. பின்னாளில் 'தலித்' என்னும் சொல்லை அம்மக்களே தமக்கு ஏற்றனர். நொறுக்கப்பட்டோர் என்னும் பொருளில் மங்கலம் ஏதும் இல்லை. ஆயினும் அது அவர்களுடையது. 1972-இல் நாம்தேவ் தசால் தம் முதல் கவிதைத் தொகுதிக்குக் 'கோல்பிட்டா' என்று பெயரிட்டார். மும்பையில் எந்த மனைவணிகரும் விளம்பரத்தில் அச்சிட அஞ்சும் பகுதியின் பெயர் அது.

கிரண்காவுக்கும் மேல் வொர்லிக்கும் உள்ள வேறுபாடு இங்கிருந்து தெளிவாகிறது. இரண்டும் புனைபெயர்களே, இரண்டும் அரசறியாதவை. முன்னதை இட்டவர் அங்கு வாழ்ந்தவர்; தம்மையும் அப்பெயருக்குள் வைத்தே இட்டனர். பின்னதை இட்டவர்க்கு அவ்விடம் சரக்கு. விற்று முடித்தபின் வடாலாவுக்குச் சென்று இன்னொரு பெயர் இடுவர். சாலில் வளர்ந்த பெண் மேல் வொர்லி என்று சொல்லிக்கொள்வதை நான் பழியேன். அவள் சொல்வது தற்காப்பு. வணிகர் சொல்வது வாணிகம். சொல் ஒன்றாயினும் செயல் ஒன்றன்று. ஆனால் அவளுக்கு அப்பெயர் எத்தனை நாள் பயன்படும் என்பது ஐயம். விலை ஏறினால் வாடகையும் ஏறும். தலை நிமிரச் செய்த பெயரே அவளை அங்கிருந்து அகற்றவும் கூடும்.

அரசு செய்யும் பெயர்மாற்றங்களை இதனோடு சேர்த்தெண்ணுதல் பொருந்தாது. 1853 முதல் 1860 வரை ஆளுநராக இருந்தவரின் பெயரைத் தாங்கிய எல்ஃபின்ஸ்டன் சாலை நிலையம் 2018-இல் பிரபாதேவி ஆயிற்று. 2024 மார்ச்சில் மராட்டிய அமைச்சரவை கரி ரோடு நிலையத்தை லால்பாக் என்றும், கிங்ஸ் சர்க்கிள் நிலையத்தைத் தீர்த்தங்கர் பார்சுவநாத் என்றும் மாற்ற ஒப்புதல் அளித்தது. மாட்டுங்காத் தமிழர்க்குக் கிங்ஸ் சர்க்கிள் தலைமுறைகளாக வீட்டுச்சொல். அவ்வட்டத்துப் பூங்காவின் பெயர் மகேசுவரி உத்தியானம் என்று மாறிய பின்னும் அவர்கள் நாவில் அப்பெயர் ஏறவில்லை. இம்மாற்றங்களில் நன்றும் தீதும் இருக்கலாம். ஆயினும் அமைச்சரவை முடிவெடுத்தது இன்ன நாள் என்று உண்டு; எதிர்ப்போர்க்குச் சட்டமன்றமும் நீதிமன்றமும் தேர்தலும் உண்டு. மேல் வொர்லி எந்த நாளில் பிறந்தது, எவர் கையொப்பமிட்டார், மாற்றுக்கருத்தை எங்கே பதிவு செய்வது என்பவற்றுக்கு இடமே இல்லை.

'ஆன' என்னும் இடைச்சொல்

சோழர் காலக் கல்வெட்டுகளைப் பயின்றோர்க்கு ஒரு தொடரமைப்பு நன்கு அறிமுகமானது. மன்னனின் விருதுப்பெயரை ஊருக்கு இட்டபொழுது, பழம்பெயரை முன்வைத்து 'ஆன' என்னும் சொல்லால் புதுப்பெயரோடு இணைத்தனர். அரச ஆணையால் இட்ட பெயருங்கூடத் தனக்கு முன்பிருந்த பெயரைச் சொல்லிய பின்னரே தன்னைச் சொல்லிற்று. நிலமும் வரியும் கொடையும் பழம்பெயரில் பதிவாகியிருந்தமையால் அது நடைமுறைத் தேவையாகவும் இருந்திருக்கும். கடனும் உரிமையும் அறுந்துவிடாதிருக்க அவ்விடைச்சொல் காவல் நின்றது. காலப்போக்கில் பல விருதுப்பெயர்கள் உதிர்ந்தன. பழையாறைக்கு முடிகொண்டசோழபுரம் என்ற பெயரும் வழங்கியது. இன்றும் ஊர் பழையாறையே. பேரரசனாலும் நிறுத்த முடியாத பெயரை விளம்பரப் பலகை நிறுத்திவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை என்று சிலர் ஆறுதல் கொள்வர். எனக்கு அவ்வளவு உறுதியில்லை. பழையாறையில் பழம்பெயரைச் சொல்லும் மக்கள் தொடர்ந்து வாழ்ந்தனர். கீழ்ப் பரேலில் அப்பெயரைச் சொல்லும் மக்களே இடம்பெயர்கின்றனர். சொல்லுக்கு வாய் வேண்டும்.

கல்வெட்டு மரபைப் பின்பற்றிக் 'கீழ்ப் பரேல் ஆன மேல் வொர்லி' என்று விளம்பரங்கள் அச்சிடுமாயின் இக்கட்டுரையின் வழக்கில் பாதி தீர்ந்துவிடும். அவ்வாறு அச்சிட்டால் பெயரின் விலையும் பாதியாகிவிடும் என்பதால் எவரும் அச்சிடார்.

இதற்கிடையே, வீடு கோரும் பழைய தொழிலாளி தாம் 1982-இல் எந்த ஆலையின் ஊழியராக இருந்தார் என்பதைச் சான்றுகளோடு நிறுவியாக வேண்டும். தொழிலாளி இறந்திருந்தால் மனைவியோ மக்களோ நிறுவ வேண்டும். வருகைச் சீட்டு, வருங்கால வைப்புநிதித் தாள், அடையாள அட்டை என்று ஆலையின் பெயர் பொறித்த எதையாவது அவர்கள் நாற்பது ஆண்டுகளாகத் தகரப் பெட்டியில் காத்து வந்திருக்க வேண்டும்.